உப்புக் கிணறும் வெண்கல யானையும்

எஸ்தர் டீச்சருக்கு நாற்பது வயது. அவரிடம் படம் பார்க்கக் கற்றுக்கொண்ட அந்த இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

நல்லபெருமாள் பாளையங்கோட்டையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். தேவசகாயம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். எஸ்தர் சென்னையில் பல படங்களுக்கு எடிட்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் நடத்திய திரைப்பட வகுப்பில்தான் இருவரும் நண்பர்களானார்கள். வகுப்பு நின்று பல வருடங்கள் ஆகியும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

ஊரில் ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. வருடக் கடைசியில் அது கூடி, அந்த வருடத்தின் மிக மோசமான படம் எது என்று வாக்கெடுக்கும். அரங்கம் சிரிப்பால் அதிரும். ஆனால் அந்த வருடம் சிரிப்புக்கு முன்னால் சண்டை வந்துவிட்டது.

‘உப்புக் கிணறு’தான் மோசம் என்றார் நல்லபெருமாள். கடற்கரை ஊரில் ஒரு கிழவர் கிணறு தோண்டுகிற கதை. பெயர் தெரியாத ஓர் இளைஞன் எடுத்தது.

‘வெண்கல யானை’யைவிட மோசம் இருக்க முடியாது என்றார் தேவசகாயம். பெரிய இயக்குநரின் ராஜா காலத்துப் படம். ஊரே எதிர்பார்த்துக் கிடந்தது. நல்லபெருமாளுக்கு அந்த இயக்குநர் என்றால் உயிர்.

“நீரு அந்தச் சின்னப் படத்த முழுசாப் பாத்தீராவே?” என்று தேவசகாயம் கழகத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“உம்ம மாதிரி பெரிய ஆள் எடுத்தா அது மோசம்னு முடிவு பண்ணிட்டு நான் தியேட்டருக்குப் போகல” என்றார் நல்லபெருமாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நல்லபெருமாளின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தேவசகாயம் போகவில்லை.

வருடக் கடைசிக் கூட்டத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வீடியோ போட்டுக் காட்டி வாதாட வேண்டும். தங்கள் குரலைப் பதிவு செய்து எஸ்தரிடம் கொடுத்திருந்தார்கள். குரலுக்கு ஏற்றபடி படக் காட்சிகளை ஒட்டித் தருவது அவர் வேலை.

கூட்டத்தன்று மதியம் நல்லபெருமாள் எடிட்டிங் அறைக்கு வந்தார். தேவசகாயம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். நல்லபெருமாள் அவரைப் பார்க்காமல் அடுத்த நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

“என்ன ஆச்சு சார்?” என்றார் எஸ்தர்.

“போட்டியில இருக்குற படத்து டைரக்டர்களக் கூட்டத்துக்குக் கூப்பிடறது நம்ம வழக்கம் இல்லையா டீச்சர்? எந்த வருஷமும் யாரும் வந்ததில்ல. ஒரு கேலிக்குத்தான் கூப்பிடுதோம்.”

“ஆமா.”

“அந்தக் கிணத்துப் படத்துப் பையன் இப்ப போன் பண்ணினான். இசக்கிராஜ்னு பேரு. பஸ் ஏறிட்டானாம். ‘என் படத்துல என்ன தப்புன்னு யாரும் முகத்துக்கு நேரா சொல்லல சார், நீங்க சொல்லுவீங்கன்னு வாரேன்’ங்கான்.”

தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக.

“வரட்டும்” என்றார் எஸ்தர்.

“வரட்டும்னா எப்படி டீச்சர்? நீங்களே சொல்லிருங்க. இந்த வருஷத்துலயே ரொம்ப மோசமான படம் எது? நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாக்கெடுப்பே வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிடுதோம்.”

தேவசகாயமும் தலையாட்டினார்.

எஸ்தர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“உங்க வீடியோ தயார் சார். முதல்ல அதைப் பாருங்க.”

திரையில் ஒரு சிம்மாசனம் வந்தது. அதில் ராஜா உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. நல்லபெருமாளின் குரல் ஒலித்தது.

“இந்தப் படத்துக்கு டைரக்டர் இருந்தாரா? இல்ல, கேமராவ ஸ்டாண்டுல மாட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரா?”

நல்லபெருமாள் நிமிர்ந்தார். “டீச்சர், மாத்திப் போட்டுட்டீங்க. இது வெண்கல யானை.”

“பாருங்க சார்.”

பாலைவனத்தில் படை நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. “கதையைத் தேடி எல்லாரும் அலையுதாங்க. கதை மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்ல” என்றது குரல். கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தான். “நடிக்கச் சொன்னா முறைக்காங்க” என்றது குரல். தளபதி சாகும் காட்சி வந்தது. தளபதி வசனம் பேசிக்கொண்டே செத்தார். “இவரு சாகறதுக்குள்ள நம்ம ஆயுசு முடிஞ்சிரும்.”

தேவசகாயம் வாய்விட்டுச் சிரித்தார். நல்லபெருமாள் சிரிக்கவில்லை. அவர் மூன்று தடவை தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படம் அது. சாகும் தளபதியைப் பார்த்து அழுதவர். அவருடைய குரலே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. ஒரு சொல்கூட இடறவில்லை.

திரை இருண்டது.

“எவ்வளவு நேரம் எடுத்துச்சு டீச்சர்?” என்றார் நல்லபெருமாள். “இப்படி ஒவ்வொரு வரியாத் தேடிப் பொருத்தறதுக்கு?”

“தேடல சார். நீங்க பேசின வரிசையிலேயே இருக்கு. உங்க குரலுக்குக் கீழே யானைப் படத்தை வச்சேன். உக்காந்துக்கிச்சு.”

தேவசகாயத்தின் சிரிப்பு நின்றிருந்தது. அடுத்தது தன்னுடையது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்னுதையும் மாத்திட்டீங்களா டீச்சர்?”

எஸ்தர் பொத்தானைத் தட்டினார்.

வெயிலில் காய்ந்த மண். ஒரு கிழவர் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். தேவசகாயத்தின் குரல் கணீரென்று வந்தது. பெரிய இயக்குநரை வெளுத்து வாங்கிய குரல்.

“இத்தனை வருஷம் காத்திருந்தோமே. இதுக்கா?”

கிழவர் முதுகை நிமிர்த்தி நெற்றியைத் துடைத்தார்.

“எவ்வளவு உழைப்பு! எல்லாம் மண்ணாப் போச்சு.”

கிழவரின் மகள் குடத்தோடு வந்து நின்றாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நம்பி வந்தவங்களுக்கு இவரு என்ன பதில் சொல்லப் போறாரு?”

தேவசகாயம் கையை உயர்த்தினார். “போதும் டீச்சர். நிறுத்துங்க.”

எஸ்தர் நிறுத்தினார்.

“நான் திட்டுனேன்” என்றார் தேவசகாயம். “திட்டத்தான் செஞ்சேன். இது என்ன, ஒப்பாரி மாதிரி கேக்குது?”

எஸ்தர் ஜன்னல் திரையை விலக்கினார். வெளிச்சத்தில் இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

“ரெண்டு வீடியோவும் தயாரா இருக்கு. எந்தக் குரலை எந்தப் படத்துக்குப் போடணும்னு மட்டும் சொல்லுங்க.”

நல்லபெருமாள் எழுந்தார். போகத்தான் எழுந்தார் என்று தோன்றியது. ஆனால் தள்ளிப் போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“நீரு அன்னைக்குக் கேட்டீரே” என்றார், தேவசகாயத்தைப் பார்த்து. “முழுசாப் பாத்தீராவேன்னு. இடைவேளையில எந்திரிச்சு வந்துட்டேன்வே.”

“நான் உக்காந்துதான் இருந்தேன்” என்றார் தேவசகாயம். “தியேட்டருக்குள்ளேயே திட்டி எழுத ஆரம்பிச்சிட்டேன். பாதிப் படம் போன்லதான் போச்சு.”

எஸ்தர் சொன்னார்:

“நல்லபெருமாள் சார், உங்க பேச்சுல ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்ட வேண்டி வந்தது. அதை யானைப் படத்துல எங்க வச்சும் பொருந்தல.”

தேவசகாயம் அவசரமாகக் கேட்டார். “என்னுதுல?”

“உங்களுதுல எதையும் வெட்டல சார். எல்லாமே கிணத்துப் படத்துக்கும் பொருந்திடுச்சு.”

கன்னத்தில் அறை வாங்கியவர்போல தேவசகாயம் பின்னால் சாய்ந்தார். எந்த வகுப்பிலும் டீச்சர் அவரை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீச்சரின் குரலில் இப்போதும் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“அது என்ன துண்டு?” என்றார் நல்லபெருமாள்.

எஸ்தர் அதைத் தேடி எடுத்து ஓடவிட்டார். படம் இல்லை. குரல் மட்டும். மற்ற இடங்களில் இருந்த எகத்தாளம் அதில் இல்லை. யாரோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

“கிணத்துல மொதத் தண்ணி வருது. கிழவரு கையில ஏந்தி வாயில வைக்காரு. உப்பு. ஆனா துப்பல. முழுங்கிட்டாரு. மக பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கா.”

முடிந்தது.

நல்லபெருமாள் உட்கார்ந்துவிட்டார். “இத நானா சொன்னேன்?”

“நீங்கதான்.”

“ஞாபகமே இல்ல டீச்சர்.”

“இதுக்கு அடுத்ததா ஒரு ஜோக் சொல்லியிருக்கீங்க. அது யானைக்குப் பொருந்திடுச்சு.”

தேவசகாயம் தன் நாற்காலியை நகர்த்தி நல்லபெருமாளின் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்.

வெளியே பஸ் ஸ்டாண்டு இரைந்துகொண்டிருந்தது. நல்லபெருமாள் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அந்தப் பையன் வந்து இறங்குற நேரம். என் முன்னால வந்து நிப்பான். ‘என்ன தப்பு சார்’னு கேப்பான். நான் என்ன டீச்சர் சொல்லுவேன்?”

“நீங்க எதுக்குச் சொல்லணும்?” என்றார் எஸ்தர். “அந்தக் கிழவர் ஏன் துப்பலைன்னு அவர்கிட்ட கேளுங்க.”