கட்டாத நூல்

தாள்களின் துளையில் நூலைக் கோத்து, சரக்கென்று இழுத்து முடிச்சுப் போடும் சத்தம். இப்போதும் அது என் காதில் இருக்கிறது.

நெல்லைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தேர்வுக் கூடம். தன் விடைத்தாளோடு கூடுதல் தாள்களைச் சேர்த்துக் கட்டுகிறவள் எங்கள் வகுப்புச் சண்முகவடிவு. எங்களில் யாருடைய கட்டும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

ஆங்கிலக் கவிதைத் தாளில் ஒவ்வொரு முறையும் தோற்றவளும் அவள்தான்.

கணவர் இறந்த பிறகு படிக்க வந்தவள். இனி ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் பட்டம் இல்லை. அண்ணன் வீட்டு அடுக்களைதான்.

தன்னைவிட இளையவரான ஆங்கில ஆசிரியை தொர்க்காள் மிஸ்ஸிடம் போய் நின்றாள்.

“பக்கம் பக்கமா எழுதுதேன் மிஸ். நோட்ஸ்ல ஒரு வரி விடல. அப்பவும் ஃபெயில் போடுதாங்க.”

“எழுதினதைக் காட்டுங்க.”

மாதிரித் தேர்வுக் கட்டுரையை நீட்டினாள். மிஸ் பேனாவைத் திறந்து, கவிதையின் பெயர் வந்த இடங்களையெல்லாம் மையால் மறைத்தார். கவிஞரின் பெயரையும்.

“படிங்க.”

வடிவு படித்தாள். உயர்ந்த கற்பனை. உள்ளத்தை உருக்கும் நடை. என்றும் நிலைக்கும் உண்மை.

“இது எந்தக் கவிதை?”

வடிவு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு,” என்றார் மிஸ். “பேரை மட்டும் மாத்தினாப் போதும்.”

“அப்ப என்னதான் எழுத?”

மிஸ் நோட்ஸை வாங்கி, தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கவிதையை மட்டும் அவள் பக்கம் தள்ளினார்.

சின்னக் கவிதை. காலையில் ஒரு பெண் தேநீர் குடித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவி வைக்கிறாள். அவ்வளவுதான்.

மணி அடித்தது. மிஸ் எழவில்லை. வடிவும் எழவில்லை.

“மிஸ், நோட்ஸ்ல இது சாவைப் பத்தின கவிதைன்னு இருக்கு. இதுல அந்தச் சொல்லே இல்லையே.”

“ம்.”

“அவ குடிச்சது ஒரு கோப்பையில. கழுவினது ரெண்டு.”

“ம்.”

வடிவு கவிதையின் அடியில் விரலை வைத்தாள்.

“கடைசி வரி மட்டும் ஏன் பாதியில நிக்கு?”

“அதை ஏன் எங்கிட்ட கேக்கீங்க? பேப்பர் திருத்துறவங்ககிட்ட சொல்லுங்க.”

தேர்வில் அந்தக் கவிதையே வந்தது. துயரம் இதில் எப்படி வெளிப்படுகிறது என்று கேள்வி.

மற்றவர்கள் மளமளவென்று எழுதத் தொடங்கினோம். வடிவு கவிதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள்.

கண்காணிப்பாளர் கூடுதல் தாளோடு அவள் அருகில் வந்து நின்றார்.

“வேண்டாம் மேடம்.”

கொடுத்த நூல் கொடுத்தபடியே மேசையில் கிடந்தது.

அந்தத் தாளில் பல்கலைக்கழகத்திலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. அறிவிப்புப் பலகையிலிருந்து மிஸ்ஸின் அறைவரை அவள் ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சேலை கட்டி அப்படி ஓடியவர்களை அந்தத் தாழ்வாரம் கண்டிருக்காது.

“நோட்ஸ் வேணுமா?” என்றார் மிஸ்.

“நீங்களே அதுமேல உக்காந்துக்கிடுங்க மிஸ்.”

பின்னாளில் சண்முகவடிவு அதே கவிதைத் தாளைத் திருத்துகிறவர்களில் ஒருத்தி ஆனாள்.