தலைவர் போன பிறகு ஒரு கூட்டம்

தலைவர் வேங்கைமாறன் கட்சியை விட்டுப் போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "எனக்குப் போதும்" என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார்.

அவர் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் விசிலடிப்பார்கள், பாதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள். சும்மா நின்றவர்கள் எவருமில்லை. அவர் போன பிறகு அந்த இரண்டு பாதியும் கட்சிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன.

மாவட்டச் செயலாளர் தில்லைநாயகம் முதல் பாதி. அறுபத்தோரு வயது. தலைவர் வழியை விட்டு இம்மியும் நகரக் கூடாது என்பது அவர் கட்சி. துணைச் செயலாளர் இருதயராஜ் மறு பாதி. தலைவரால்தான் பாதி ஜனம் நம்மை வெறுக்கிறது, அவர் பெயரையே துடைத்தெறிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. தலைவர் பதவிக்கு இருவரும் போட்டி. தோற்றவர் ஆட்களோடு வெளியேறுவார் என்று பேச்சு. இருபத்தெட்டு வருஷம் ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்ற சிநேகிதர்கள் மூன்று வாரமாக முகம் பார்த்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை தில்லைநாயகம் ஆனைப்பாறைக்குப் போனார். அங்கேதான் நிறைமதி இருந்தாள். நாற்பத்திரண்டு வயது. செவிலியர் வேலையை விட்டுவிட்டு, பாறையடியில் இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்தவள். அவளைத் தன் குரு என்று தில்லைநாயகம் பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தார். அவள் மட்டும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க கட்சிக்கு இனி எதிர்காலம் உண்டா?"

"எனக்கு ஜோசியம் தெரியாதே."

"விளையாடாதீங்கம்மா. எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் கீரைத் தட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவரும் உருவத் தொடங்கினார்.

"நாளைக்கு மத்தியானம் நம்ம ரேஷன் கடை முன்னால ஒரு கூட்டம் போடுங்க," என்றாள். "மைக் வேண்டாம். மேடை வேண்டாம். இருதயராஜ் அண்ணாச்சியையும் கூப்பிடுங்க."

"அவனையா?"

"அவரையும்தான்."

"நான் கூப்பிட மாட்டேன்."

"சரி, நான் கூப்பிடுதேன். நீங்க அந்தக் காம்பை ஒடிக்காம இலையை மட்டும் உருவுங்க."

மறுநாள் மூன்று மணிக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்கள். இருதயராஜ் ஓரமாகக் கைகட்டி நின்றார். நிறைமதி கடைப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

தில்லைநாயகம் துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார். அவர் தொண்டையிலிருந்து தலைவரின் குரல் வந்தது. அதே இழுப்பு, அதே உறுமல், வாக்கியத்தின் நடுவே அதே நிறுத்தம். தலைவர் அந்த இடத்தில் நிறுத்தினால் மைதானமே அதிரும். இங்கே யாரோ தும்மினார்கள்.

"அவர் குரலை விட்டுட்டு உன் குரல்ல பேசுடா," என்றார் இருதயராஜ்.

"தலைவர் குரலைக் கேட்டா உனக்கு ஏன் எரியுது?"

"அந்தக் குரலால எத்தனை ஓட்டு போச்சு தெரியுமா?"

"அந்தக் குரல் இல்லன்னா உன்னை எவனுக்குத் தெரியும்?"

கால் மணி நேரம் இப்படியே போனது. முன்வரிசையில் பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த செண்பகம் என்ற பெண் எழுந்து நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்ப முடிப்பீங்க?"

இருவரும் திரும்பினார்கள்.

"முடிச்சா நான் ஒண்ணு கேக்கணும். ஆறு மணி பஸ் ஊருக்குள்ள வந்து மூணு மாசமாச்சு. மெயின் ரோட்டு விலக்குலயே திரும்பிருது. எம்மவ டவுன்ல நர்சிங் படிக்கா. அங்க இருந்து ரெண்டு கிலோமீட்டர் இருட்டுல நடந்து வாரா. தினமும் நான் பாதி வழி ஓடுதேன். பஸ் எப்ப வரும்?"

"டெப்போவில பேசுதேன்," என்றார் தில்லைநாயகம்.

"டெப்போவில பேசி என்ன செய்ய? உங்க வளைவுல்லா தடுக்குது!"

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தில்லைநாயகத்துக்கு விஷயம் புரிந்தது. பங்குனியில் தலைவர் வந்தபோது ஊர் எல்லையில், அந்த விலக்கிலேயே, ஓர் இரும்பு வளைவு வைத்தார்கள். உச்சியில் கைகளை விரித்த தலைவரின் தகர உருவம். ஆடிக் காற்றில் வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பஸ்ஸின் கூரையில் இடிக்கிற அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. தில்லைநாயகத்தின் ஆட்கள் யாரையும் அதைத் தொட விடவில்லை. இருதயராஜின் ஆட்கள் அதை உடைக்க வந்து அடி வாங்கிப் போனார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"இதை ஏன் எங்கிட்ட முதல்லயே சொல்லல?" என்றார் தில்லைநாயகம்.

"சொல்ல எங்க விட்டீங்க?" என்றாள் செண்பகம்.

எல்லோரும் ஊர் எல்லைக்கு நடந்தார்கள். இருதயராஜ் வளைவை அண்ணாந்து பார்த்தார்.

"நாலு பேர் சேர்ந்து தள்ளினா விழுந்துரும்."

"தலைவர் மண்ணுல விழக் கூடாது," என்றார் தில்லைநாயகம். அவர் குரல் நடுங்கியது. அது அவருடைய சொந்தக் குரலாக இருந்தது.

 இருதயராஜ் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். "ஏணி கொண்டு வாங்க. ஸ்பேனரும் கயிறும் வேணும்."

அவர் மேலே ஏறினார். தில்லைநாயகம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் வரவில்லை. யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஏ தில்லை, ஏணியை ஒழுங்காப் பிடி. என்னைக் கீழ தள்ளிட்டு ஞாயித்துக்கிழமை ஜெயிச்சிரலாம்னு பாக்காத."

"இருக்குத கனத்துக்கு நீ விழுந்தா செத்துப்போறது நான்தான்."

கூட்டம் சிரித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர்களும் சிரித்தார்கள்.

தகர உருவத்தைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினார்கள். தில்லைநாயகம் அதை இரண்டு கைகளாலும் வாங்கித் தலைவரின் முகத்திலிருந்த காக்கை எச்சத்தைத் துண்டால் துடைத்தார். செண்பகம் குனிந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கட்டியான தகரம். கோழிக்கூட்டுக்கு..."

தில்லைநாயகத்தின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா," என்றார் மேலேயிருந்து இருதயராஜ். "அவன் வீட்டுக்குக் கொண்டு போகட்டும். உனக்கு நான் வேற தகரம் தாரேன்."

கடைசிக் குழாயை ஓரமாகப் போட்டபோது மணி ஆறேகால். தூரத்தில் ஹாரன் கேட்டது. விலக்கில் திரும்பப் போன பஸ்ஸின் முன்னால் ஏழெட்டுப் பேர் ஓடிப்போய்க் கையாட்டினார்கள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு, நீளமாக ஒரு ஹாரன் அடித்து ஊருக்குள் வண்டியை விட்டார். ரேஷன் கடை வாசலில் செண்பகத்தின் மகள் இறங்கினாள். தாய் முன்னமே திரும்பிவந்து அங்கே நிற்பதைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள். செண்பகம் சிரித்தாள். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நிறைமதி வீட்டு முற்றத்தில் மூவரும் வரக்காப்பி குடித்தார்கள். இருதயராஜின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நிறைமதி மஞ்சள் குழைத்துப் பூசினாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புத?" என்று கேட்டார் இருதயராஜ்.

"எட்டுக்கு."

"நானும் உன் வண்டியில வாரேன். ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கினா நம்ம ஆளுக மயங்கி விழுந்துருவானுக."

தில்லைநாயகம் சிரித்தார். ஆனால் டம்ளரைக் கீழே வைத்தபோது முகம் மறுபடி வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சின்ன வருத்தம். பஸ் வந்துது, எல்லாரும் சந்தோசமாப் போனாங்க. ஒருத்தர்கூட கட்சி பேரைச் சொல்லல. ஒரு கைதட்டல் இல்ல. தலைவர் பேசினா லட்சம் பேர் மூச்சுவிடாமக் கேப்பாங்க. அதை நினைச்சேன்."

நிறைமதி மஞ்சள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவர் இருந்தவரைக்கும் ஜனங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்க அண்ணாச்சி. இப்பதான் உங்ககிட்ட கேக்க ஆரம்பிச்சிருக்காங்க."