தொண்ணூறாவது ஊசி

மலைமேல் இருந்த காசநோய் மருத்துவமனைக்கு டாக்டர் தேவசகாயம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே தலைமை மருத்துவராக இருந்த சௌந்தரவல்லி அவரைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் நெஞ்சு நோய் வைத்தியத்தை அந்த அம்மாளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தவர் அவர். அந்த அம்மாள் பேசும்போது தேவசகாயம் உட்கார மாட்டார்.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் வேதநாயகி என்ற பெண்ணைக் கூட்டிவந்தார்கள். இருபத்தெட்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலை. இரண்டு நுரையீரலிலும் நோய். இருமினால் ரத்தம் வந்தது.

தேவசகாயம் மாத்திரைகளோடு தினம் ஒரு ஊசியும் எழுதினார். தொண்ணூறு நாளைக்கு. நர்சிடம் விடாமல் தானே போட்டார்.

நாற்பதாம் நாள் அவள் சொன்னாள்.

"டாக்டர், காதுக்குள்ள விசில் அடிக்குது. ராத்திரி பகல்னு நிக்கவே மாட்டேங்குது."

"உடம்புல சத்து இல்ல. நல்லா சாப்பிடு, சரியாயிடும்."

ஒரு வாரம் கழித்து ஊசி அறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"நடந்தா தரை நகர்ற மாதிரி இருக்கு டாக்டர்."

"ரத்தம் நின்னுதா இல்லையா?"

"நின்னுடுச்சு."

"அப்புறம் என்ன? பாதி தாண்டியாச்சு. பல்லைக் கடிச்சுக்கோ."

அவள் திரும்பி நின்றாள். அவர் ஊசி போட்டார்.

அறுபதாம் நாளுக்குப் பிறகு எதைச் சொன்னாலும் "என்ன டாக்டர்?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

தொண்ணூறாவது ஊசியும் போட்டாயிற்று. சளியில் கிருமி இல்லை. எடை ஏறியிருந்தது. தேவசகாயம் சிரித்த முகத்தோடு அவள் கட்டிலுக்குப் போனார்.

"நீ பிழைச்சுட்டம்மா. வீட்டுக்குப் போகலாம்."

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னார். கத்திச் சொன்னார். வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் மட்டும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் காட்டுங்க டாக்டர்" என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அதுவும் கத்தலாக வந்தது.

எழுதினார். படித்துவிட்டுக் கேட்டாள்.

"காது எப்ப திரும்பி வரும்?"

அவர் பென்சிலைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தார்.

சௌந்தரவல்லி தன் அறை ஜன்னலில் ஒரு எக்ஸ்ரேயைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் எக்ஸ்ரேயை இறக்கவில்லை.

"விசில் அடிக்குதுன்னு சொன்னப்ப அது ஊசியாலன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தேவசகாயம் சொன்னார்.

"தெரியும்மா."

"பின்னே?"

"நிறுத்தினா நோய் திரும்பிடுமோன்னு பயந்தேன். அவ உயிர் முக்கியம்னு நினைச்சேன்."

"மாத்திரைய மட்டும் வச்சு ஓட்டியிருக்கலாம்."

"இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும். குணமாகாமலும் போயிருக்கலாம்."

"ஆமா. போயிருக்கலாம்."

"அப்ப நான் செஞ்சதுல என்னம்மா தப்பு?"

சௌந்தரவல்லி எக்ஸ்ரேயை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கும் ஒருத்தர் இருந்தார். பஸ் டிரைவர். இதே ஊசிதான். காது தப்பிச்சுது, நிதானம் போயிடுச்சு. கண்ணை மூடினா விழுந்துடுவார். குணமாயிட்டார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ரெண்டு வருஷம் கழிச்சு மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். உயிர் கொடுத்த தெய்வம்னு எழுதியிருந்தார்."

"போனீங்களா?"

"போகல. மண்டபத்துப் படியில அவரை ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சு ஏத்துவாங்க. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல."

தேவசகாயம் தலை குனிந்து நின்றார்.

"நீங்க போங்க" என்றார் அந்த அம்மாள். "அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் எழுதிக் கொடுங்க. தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதுங்க."

அவர் வார்டுக்குத் திரும்பினார். வேதநாயகி மூட்டை கட்டி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

'வராது. ஊசியால் போனது. நீ முதலில் சொன்னபோதே எனக்குத் தெரியும்.'

அவள் இரண்டு முறை படித்தாள்.

"நிறுத்தியிருந்தா செத்திருப்பேனா?"

'இருக்கலாம்' என்று எழுதினார்.

அவள் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரங்க் கால்ல சாவு சொல்ல வர்றவங்க முதல்ல ஒரு மூச்சு விடுவாங்க டாக்டர். பேசறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். மெதுவா லைனைக் கொடுப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊசி வேணும்னே சொல்லியிருப்பேனோ என்னமோ. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் எழுதுவதற்குத் தாளைத் திருப்பினார். அவள் தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து மூட்டைக்குள் செருகிக்கொண்டாள். மதிய பஸ்ஸில் மலை இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு தேவசகாயம் ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் காது எப்படி இருக்கிறது, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இந்த ஊசி என்னென்ன செய்யும் என்று சொன்னார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் அடுத்த ஆடி மாதத்தில் இறந்துபோனார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று தேவசகாயம் மறுபடியும் சௌந்தரவல்லியின் அறை வாசலில் வந்து நின்றார்.

"சொல்லாம ஒருத்திக்குக் காது போச்சு. சொல்லி ஒருத்தர் போயே போயிட்டார். இந்தப் பாரம் எப்பதான் குறையும்?"

சௌந்தரவல்லி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"குறைஞ்சா உடனே வந்து என்கிட்ட சொல்லுங்க தேவசகாயம். அன்னியிலேருந்து நீங்க யாருக்கும் ஊசி போட வேண்டாம்."