ரசமட்டத்துக்குப் பெயர் வைத்த பந்தி

கல் பதிப்பவர்கள் தளத்தின் மட்டம் பார்க்கும் கருவிக்கு ரசமட்டம் என்று பெயர். பாதரசத்தால் வந்த பெயராக இருக்கும் என்பது என் எண்ணம். கொத்தனார் சவரிமுத்து சொல்லும் கதை வேறு. அதைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

புது மண்டபத்தில் நூல் பிடிக்கவே விடவில்லையாம் முதலாளி வயிரவன். “என் கண்ணுதான்யா மட்டம்” என்று, தானே நின்று பூக்கல் பதிக்கவைத்தார். சித்தாள் செங்கமலம் மட்டும், “தளம் ஒரு பக்கமா சாயுதுங்கய்யா” என்றாள்.

“எந்தக் கருவியையும் தொடாம அதைக் காட்டு. இல்லேன்னா நாளையோட உனக்கு வேலை இல்ல.”

“நாளைக்குத்தானே பந்தி? ரசம் வர்ற வரைக்கும் பொறுங்கய்யா.”

மறுநாள் சாம்பார் முடியும்வரை முதலாளிதான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ரசம் வந்தது. எதிர்வரிசையில் அது இலையைத் தாண்டி முன்னால் ஓடியது; அவர் வரிசையில் எல்லார் மடிக்கும் வந்தது. சோற்றால் அணை கட்டியும் நிற்கவில்லை. நனைந்த பட்டு வேட்டியோடு எழுந்தவர், “ரசத்துல தண்ணி அதிகம்” என்றார்.

ஆனாலும் தளத்தைப் பெயர்த்து மறுபடி பதிக்கச் சொன்னார். செங்கமலத்துக்கு வேலை நிலைத்தது. அத்தனை கல்லையும் அவள்தான் திரும்பச் சுமந்தாள்.

போன வாரம்தான் சவரிமுத்துவிடம் கேட்டேன்: “அந்தப் பந்தியில அவளுக்கு இலை போட்டாங்களா?”