நாற்பதாவது கேரியர்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், மன்னார்குடியில் எங்கள் மையத்தில் அப்படித்தான்.

தனியாக இருக்கிற வயசானவர்களுக்கு மதியச் சாப்பாடு, மாத்திரை, துணைக்கு ஆள் என்று ஏற்பாடு செய்கிற மையம் அது. நான் அங்கே சாப்பாட்டு வேன் ஓட்டுகிறேன். குரு ஜெசிந்தா சிஸ்டர், நர்ஸ். பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் இரண்டு பேசுவார். சீடர் கோதண்டபாணி சார், ஊர் ஊராகப் போய்க் கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்ட ஆபீசர். ரிட்டயர் ஆகி வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை என்று சம்பளம் வாங்காமல் வேலைக்கு வந்தவர். யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று வீடு வீடாகப் போய் எழுதிவருவார்.

அதற்கு ஒரு படிவம் உண்டு. எட்டுக் கேள்வி. சமையல், துணி துவைப்பது, வீடு பெருக்குவது, கடைக்குப் போவது, மாத்திரை, போன், பஸ், பேங்க். தானாகச் செய்தால் இரண்டு மார்க், துணையோடு செய்தால் ஒன்று, செய்வதில்லை என்றால் பூஜ்யம். மார்க் குறையக் குறைய உதவி அதிகம் தேவை. எல்லா ஊரிலும் அதே எட்டுதான். சாருக்கு இந்தப் படிவம் என்றால் உயிர். ஆளுக்கு ஒரு எடைக்கல் வைத்தால் ஊர் உருப்படுமா என்று கேட்பார்.

எங்கள் சமையல்கூடத்தில் நாற்பது கேரியருக்குத்தான் வசதி. முப்பத்தொன்பது போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒன்றைக் கேட்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அன்று பதினோரு மணிக்கு நான் வேனை எடுப்பதற்குள் யாருக்கு என்று சொல்லியாக வேண்டும்.

பத்தரைக்கு சார் இரண்டு படிவத்தோடு வந்தார்.

"சிஸ்டர், அம்மாக்கண்ணு அம்மாவுக்குப் பன்னிரண்டு. வைத்தியலிங்கத்துக்கு ஒன்பது. அப்போ கேரியர் வைத்தியலிங்கத்துக்குத்தான்."

"சரி."

"சரிதான். ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குது. அது ஏன்னு பிடிபடல."

"கூட்டல் தப்பா?"

"மூணு தடவை கூட்டிட்டேன்."

"கேள்வியை மாத்திக் கேட்டீங்களா?"

"ஐயோ, நானா?" சார் பதறிப்போனார்.

"பின்னே என்ன?"

"வைத்தியலிங்கம் வீட்டைவிட்டு நான் பத்தடி நடக்கல, மனுஷன் சைக்கிள்ல என்னைத் தாண்டிப் போறார். ஓரமாப் போன்னு மணி வேற அடிக்கிறார். அம்மாக்கண்ணு அம்மா வந்து கதவைத் திறக்கிறதுக்குள்ள நான் வாசல்ல நின்னு பாதி பேப்பரைப் படிச்சிட்டேன். அவங்களுக்குப் பன்னிரண்டு, இவருக்கு ஒன்பது. எப்படி சிஸ்டர்?"

சிஸ்டர் எழுதாத படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பேரு?"

"யார் பேரு?"

"உங்க பேருதான், சார்."

சார் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கேரியரை அடுக்குவதை நிறுத்திவிட்டு நானும் பக்கத்தில் வந்து நின்றேன்.

"கோதண்டபாணி."

"சமையல் நீங்களே செய்யறீங்களா?"

"அதெல்லாம் எங்க வீட்டுல அவ பார்த்துக்குவா."

சிஸ்டர் பூஜ்யம் போட்டார்.

"துணி?"

"அவதான்."

"வீடு பெருக்கறது?"

"என்ன சிஸ்டர் நீங்க!"

இன்னும் இரண்டு பூஜ்யம். கடைக்கு வீட்டம்மா எழுதிக் கொடுத்தால் சார் போவாராம், ஒன்று. பிரஷர் மாத்திரையை வீட்டம்மாதான் ஞாபகமாகக் கையில் எடுத்துக் கொடுப்பாராம், அதற்கும் ஒன்று. போன், பஸ், பேங்க் மூன்றும் சாரே. சிஸ்டர் கூட்டிப் பார்த்துப் படிவத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"எட்டு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ நாற்பதாவது கேரியர் உங்களுக்குத்தான் சார். காரம் தூக்கலா இருந்தா ஒத்துக்குமா?"

"சும்மா இருய்யா!" சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கென்ன கேடு சிஸ்டர்? தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன்!"

"நடையைப் பத்திக் கேள்வி இல்லையே, சார்."

"கையில தெம்பு இல்லாமலா சமைக்கல? முப்பத்தஞ்சு வருஷமா அடுப்பங்கரைப் பக்கமே போனதில்லை. அவ கூப்பிடல, நானும் போகல..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "வைத்தியலிங்கமும் அப்படித்தான். சம்சாரம் தவறி அஞ்சு மாசம் ஆகுது. கேஸ் அடுப்பைப் பத்தவைக்கவே பயமா இருக்குங்கறார்."

"அம்மாக்கண்ணு அம்மா?"

சார் அந்த அம்மாவின் படிவத்தை மேலே எடுத்து வைத்தார்.

"தரையில உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் போறாங்க சிஸ்டர். விரல் மடங்கல. கஞ்சி வடிக்கும்போது பானையை ரெண்டு முழங்கையாலயும் அணைச்சுப் பிடிக்கிறாங்க. போன வாரம் கொட்டி மணிக்கட்டெல்லாம் கொப்புளம். சமையல் நீங்களே செய்யறீங்களான்னு கேட்டேன். பின்னே பக்கத்து வீட்டுக்காரியா வந்து செய்வான்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. நான் ரெண்டு போட்டேன்." படிவத்தில் அந்த இரண்டைத் தொட்டுக் காட்டினார். "கொப்புளத்தைக் கண்ணால பார்த்துக்கிட்டே ரெண்டு போட்டேன், பாவி. அடுத்த தடவை முகத்துல கொட்டினா?"

உள்ளே சாம்பார் தாளிக்கிற சத்தம் கேட்டது.

"இந்தப் படிவமே வேண்டாம் சிஸ்டர். கிழிச்சுப் போடுங்க."

"இது இல்லாட்டி அவங்க எப்படிச் சமைக்கிறாங்கன்னு பார்க்க நீங்க அடுப்படி வரைக்கும் போயிருப்பீங்களா, சார்?"

சிஸ்டர் முதல் கேள்விக்குக் கீழே விரலை வைத்தார். புள்ளி புள்ளியாக ஒரு கோடு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'எப்படி? ஏன்?' என்று போட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் இருந்தது. நாங்கள் யாரும் அதை நிரப்பியதில்லை. அதற்கு மார்க் கிடையாது, கூட்டலில் வராது. நான் கேரியர் கொண்டுபோகிற முப்பத்தொன்பது பேருடைய படிவத்திலும் அந்தக் கோடு காலிதான்.

சிஸ்டர் பேனாவை நீட்டினார். சார் அம்மாக்கண்ணு அம்மாவின் படிவத்தில் எழுத ஆரம்பித்தார். கோட்டில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதி, பின்பக்கமும் திருப்பி எழுதினார். எழுதி முடித்து, பட்டியலில் நாற்பதாவது இடத்தில் அந்த அம்மாவின் பெயரைப் போட்டு என்னிடம் கொடுத்தார். மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அப்பாடா என்று எனக்கே மூச்சு வந்தது.

சாருக்கு வரவில்லை. வைத்தியலிங்கத்தின் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஆனா சிஸ்டர், இவரும் பொய் சொல்லல. காலையில பன்னு, ராத்திரி பன்னு. ஆள் பாதியா இளைச்சுட்டார். இவரை இல்லைன்னு அனுப்ப முடியாது. இவருக்கு நாம என்னதான் கொடுக்கிறது?"

சிஸ்டர் அந்தப் படிவத்தை வாங்கி, எட்டு மார்க் வாங்கிய கோதண்டபாணியின் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து, கோதண்டபாணி என்ற பெயர்மேல் விரலை வைத்தார்.

"இவரைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நாளைக்கு இவர் வீட்டம்மா மகளைப் பார்க்கப் போய் ஆறு மாசம் தங்கிட்டா, இவருக்கு நாம அனுப்ப வேண்டியது சாப்பாடா, சமைக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளா? நீங்களே சொல்லுங்க, சார்."