மாலை அடைத்த கலுங்கு

ரொம்ப ரொம்ப முன்னாடி, மலையெல்லாம் எழுந்து நடந்து திரிஞ்ச காலம். அல்லிக்குளம்னு ஒரு ஊர் இருந்தது. குளம் நிரம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போகக் கரையிலே ஒரு கலுங்கு. அதிலே ஒரு பூதம். ஒரு மந்திரவாதி யாரோ ஒருத்தனைப் பூதமாக்கி அங்கே கட்டிப்போட்டிருந்தான். கலுங்கை அடைக்கிற செத்தை, சருகு எல்லாத்தையும் அள்ளி எறியறதுதான் அதுக்கு வேலை. அந்த வேலையிலே பாதியை ஒரு மனுசக் கை செஞ்சாத்தான் சாபம் தீரும்.

ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? பூதத்தைச் சாமியாக்கி, ஆளுயர மாலைகளைக் குளத்திலே விட்டாங்க. எல்லாம் மிதந்துவந்து கலுங்கை அடைச்சுது. படைச்ச பொருளைப் பூதம் தொடக்கூடாதுன்னு மந்திரவாதி கட்டளை!

அந்த வருஷம் பேய்மழை. கரைக்குக் கீழேதான் கொப்பாயி வீடு. உள்ளே பச்சைப் பிள்ளை தூளியிலே கிடக்குது. கரை உடைஞ்சா முதல்லே போறது அந்தத் தூளிதான்.

கொப்பாயி கலுங்குக்கு ஓடிவந்து கேட்டா: "பூதமே, அள்ளேன்!"

"மாலையைத் தொடமாட்டேன் தாயி."

ஊர்த்தலைவர் முத்திருளர் பதறினார். "சாமிக்குக் கோவம்! இன்னும் மாலை போடுங்க!"

தண்ணி ஏறிச்சு. "பூதமே, அள்ளேன்!"

"மாலையைத் தொடமாட்டேன் தாயி."

"இன்னும் போடுங்க!"

தண்ணி கரை விளிம்பைத் தொட்டுது. "பூதமே, அள்ளேன்!"

"மாலையைத் தொடமாட்டேன் தாயி. மனுசங்க தொடலாம்."

அவ்வளவுதான். சேலையை வரிஞ்சு கட்டி, அரிவாளோட குதிச்சா கொப்பாயி.

"சாமி குத்தம்! கண்ணு அவிஞ்சுபோகும்!"ன்னு தலைவர் அலறினார்.

"அவிஞ்சா அவியட்டும் மாமா! என் பிள்ளை மிதந்து போறதை இந்தக் கண்ணால பார்க்கணுமாக்கும்?"

அறுத்தா, இழுத்தா, கரையிலே எறிஞ்சா. பாதி அடைப்பு விலகினதும் சாபம் சடார்னு அறுந்துச்சு. பூதம் நின்ன இடத்திலே ஒல்லியா ஒரு வாலிபன்! "தாயி, நீ நல்லாயிருக்கணும்!"னு கும்பிட்டான். அவனும் கை கொடுத்தான். ஆனா பூத பலம் போயிருச்சே, அடியிலே இறுகிக் கிடந்த மிச்ச மாலை ஒண்ணுகூட அசையலே.

கரை மேலே நின்னவங்க திருதிருன்னு முழிச்சாங்க. "ஐயோ, சாமி போயிருச்சே! இனி யார் அள்ளுவா?"

"மாலை போட்ட கை எத்தனை இருக்கு! இறங்குங்க மாமா!"ன்னா கொப்பாயி.

முத்திருளர் வேட்டியை மடிச்சுக் கட்டினார். அவர் பின்னாலே ஊரே இறங்கிச்சு. கலுங்கு திறந்து தண்ணி கொட்டிச்சு பாருங்க, காது அடைச்சுப் போச்சு! கரை நின்னுது, பிள்ளை முழிக்கவே இல்லை.

அன்னிக்கிலேருந்து அல்லிக்குளத்து முதல் தண்ணி கொப்பாயி வயலுக்கு. மழை இருட்டிக்கிட்டு வந்தா, மாலை கட்ட யாரும் உட்காரறதில்லை. தலைவர்தான் முதல்லே கலுங்கிலே இறங்குவார்.