தட்டோடு வந்த ஆசிரியர்

“எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டேன் மேடம். உங்கள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.”

கேட்டவர் அருளப்பன். தலை நரைத்த ஆவணப்பட இயக்குநர். ‘வண்ணத்தறி’ என்ற புடவை, நகை அலங்காரப் பத்திரிகை எப்படித் தயாராகிறது என்று படம் எடுக்க வந்தவர்.

கேட்டது அதன் ஆசிரியர் மங்களநாயகியிடம். அந்த அம்மாள் ஒரு புடவையை அட்டையில் போட்டால் ஊரே அந்த நிறத்தைத் தேடும். ஜவுளிக்கடை முதலாளிகள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். ஆனால் அவர் குரல் உயர்ந்து அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

மங்களநாயகி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவரில்தான் தீபாவளி இதழின் பக்கங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மணப்பெண்ணின் படம். துணை ஆசிரியர் பூங்கோதை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் அலைந்து, பட்டும் நகையும் தேடிப்பிடித்து, பார்த்துப் பார்த்துச் செய்த பக்கம். போன இதழிலும் அவள் பக்கத்தை மங்களநாயகி அச்சுக்குப் போகாமல் எடுத்துவிட்டார். இதையும் எடுத்தால் வேறு பத்திரிகைக்குப் போய்விடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அங்கே அவளுக்கு நாற்காலி தயார்.

மங்களநாயகி எழுந்தார். மணப்பெண்ணைச் சுவரிலிருந்து மெதுவாக உரித்தார்.

பிறகு தன் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அது அவருடைய வழக்கம். யாருடைய பக்கத்தை எடுக்கிறாரோ, அன்று மதியம் அவருடைய டப்பாவிலிருந்துதான் சாப்பிடுவார். ஏன் எடுத்தேன் என்பதைச் சோற்றுக்கு நடுவில்தான் சொல்லுவார். தட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எல்லோரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இன்றைக்கு யார் வீட்டுக் குழம்புக்கு வேளை வந்ததோ என்று கேலி பேசிக்கொள்வார்கள்.

அன்று யாரும் கேலி பேசவில்லை.

அருளப்பன் கேமராவோடு பின்னால் போனார்.

பூங்கோதை டிபன் டப்பாவை மூடினாள். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“என் பக்கத்தையும் எடுத்துட்டு, என் சோத்தையும் சாப்பிடுவீங்களா? இன்னிக்கு இல்லை மேடம். நாளையிலிருந்து நான் வரலை.”

மங்களநாயகி உட்காரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. சந்நிதியில் திரை விலகக் காத்திருப்பவர் மாதிரி, வெறும் தட்டோடு நின்றார்.

மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். அவர் அப்படியே நின்றார்.

அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய், நீங்கள் ஆசிரியர், ஓர் அதட்டல் போட்டால் போதுமே என்றார்.

“தட்டை ஏந்திக்கிட்டு வந்தவ எப்படி சார் அதட்டறது?”

அருளப்பன் கேமராவை நிறுத்திவிட்டார்.

பூங்கோதைக்கும் அது கேட்டது. குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. ஆனால் மூடியிலிருந்து கை விலகியது.

“வத்தக்குழம்பு. ஆறிப்போச்சு.”

“பரவாயில்லை, போடு.”

மங்களநாயகி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். குழம்பு யார் வைத்தது என்று விசாரித்தார். மாமியார் என்று பூங்கோதை சொன்னாள். நல்ல கை என்றார்.

பாதிச் சோற்றில்தான் பேச்சை எடுத்தார்.

“புடவை கண்ணுக்குள்ளேயே நிக்குது கோதை. ஆனா அந்தப் பொண்ணு…”

“தெரியும் மேடம்.” பூங்கோதை சோற்றைப் பிசைந்தாள். “நகை கனத்துல கழுத்து வலிக்குது அக்கான்னு அவ சொன்னா. இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு நான்தான் நிக்க வச்சேன். வலி முகத்துல வந்துடுச்சு. நகை படத்துல நல்லா விழுந்திருந்துச்சா, நானும் பார்க்காத மாதிரி ஒட்டிட்டேன்.”

மங்களநாயகி ஒரு கவளம் சாப்பிட்டார்.

பூங்கோதை மிச்சக் குழம்பையும் அவர் தட்டில் ஊற்றினாள்.

“நாளைக்குக் காலையில அவளைத் திரும்ப வரச்சொல்றேன். கழுத்துல ஒத்தை வடச் சங்கிலி போதும்.”

அருளப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அடடா, நான் தேடியதே இதுதான். இதைப் படம் பிடிக்கவே இல்லையே மேடம்.”

மங்களநாயகி இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“கை கழுவிட்டு வாங்க சார்.”